தலையில் பட்ட ஊமைக் காயம்

வாசகி ஒருவர் கொளத்தூர் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். வயது 36. தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வீட்டில் கணவர், எட்டு வயது மகன், மாமியார். நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பள்ளிக்குப் போகும்போது, ஷேர் ஆட்டோ வேகத்தடையில் தூக்கிப் போட்டதில் அவருடைய உச்சந்தலை கூரைக் கம்பியில் மோதியிருக்கிறது. ரத்தம் வரவில்லை. மயக்கமும் இல்லை. ஒரு புடைப்பு மட்டும். "கண்ணுக்குள்ள பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். அப்புறம் ரெண்டு நிமிஷம் எங்க இறங்கணும்னே தெரியல" என்கிறார். அப்படியே போய் இரண்டு பீரியடு பாடமும் எடுத்திருக்கிறார். மதியம் ஒரு முறை வாந்தி. மறுநாள் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனார். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தலைவலி இல்லாத நாளே இல்லையாம். சில நாள் பின்கழுத்தில் ஆரம்பித்து நெற்றிவரை இழுக்கிறது. சில நாள் ஒரு பக்கமாக விண்விண் என்று தெறித்துக் குமட்டுகிறது. குக்கர் விசில், பள்ளி மணி, ட்யூப் லைட் எதுவும் தாங்கவில்லை. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. கரும்பலகையிலிருந்து நோட்டுக்குப் பார்வையைத் திருப்பினால் எழுத்து மங்குகிறது. காலையில் ஒரு வலி மாத்திரை, பள்ளி விட்டு வந்ததும் இன்னொன்று. சீட்டில்லாமல் மெடிக்கல் கடையில் வாங்கிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்திருக்கிறார்.

போன மாதம், சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தட்டி விளையாடிய மகனை வாழ்க்கையில் முதல் முறையாக ஓங்கி அறைந்துவிட்டார். அவன் அழவில்லை. பாட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அதை நினைத்து நினைத்து இவர் அழுகிறார். கணவர், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, நீயா நெனச்சுக்கிற" என்கிறார். மாமியார் கண் பட்டுவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்.

அவர் கேட்பது நாலு. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? எனக்கு மனநிலை சரியில்லாமல் போகிறதா? வேலையை விட்டுவிடலாமா? "நான் பழைய ஆளா ஆகவே மாட்டேனா டாக்டர்?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நினைத்துக்கொள்வதால் வருகிற வலி அல்ல இது. சென்னையில் 25 வருடமாக நரம்பியல் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். ரத்தம் கொட்ட வந்தவர்களைவிட, அடிபட்டதற்கு அடையாளமே இல்லாமல் மூன்று நாலு மாதம் கழித்து வருகிறவர்கள்தான் அதிகம் மனம் உடைந்திருப்பார்கள். மாவுக்கட்டு போட்டவரை எல்லாரும் உட்காரச் சொல்வார்கள். உங்களை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் இதற்கு ஊமைக் காயம் என்று ஒரு சொல் இருக்கிறது. வெளியே தெரியாது, உள்ளே வலிக்கும். உங்களுடையது தலையில் பட்ட ஊமைக் காயம்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது, நேரில் பரிசோதித்தே ஆகவேண்டும். ஆனால் நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால் நிறையவே சொல்ல முடிகிறது.

கடிதத்தின் நடுவில் இருந்த ஒரு வரி

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பேசவேண்டும். மாத்திரை பற்றி எழுதிக்கொண்டே வந்தவர், "ராத்திரி படுத்தா காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது" என்று ஒரு வரி எழுதி, உடனே பள்ளிக் கதைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை.

தொடர்ந்து வலிக்கும்போதும், தலையில் அடிபட்ட பிறகும் இப்படித் தோன்றுவது உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது. இன்று இரவே ஒரு ஆளிடம், கணவரோ அக்காவோ கூட வேலை செய்யும் டீச்சரோ, இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை அவரிடம் கொடுத்து வையுங்கள். அந்த எண்ணம் அடிக்கடி வந்தால், அல்லது எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போனால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டும் இலவச எண்கள். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். யார் என்று சொல்லாமலும் பேசலாம்.

ஸ்கேன் எதைக் காட்டும்?

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி சரி. சி.டி. ஸ்கேன் முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது: மண்டை ஓட்டில் விரிசல் இல்லை, உள்ளே ரத்தக்கசிவு இல்லை. உயிருக்கு ஆபத்தான அந்த இரண்டும் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் கருவிக்கு அதற்கு மேல் தெரியாது.

மூளை மண்டைக்குள் ஒரு நீரில் மிதக்கிறது. முற்றிய தேங்காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்புமே, கொஞ்சம் அப்படி. கம்பியில் மோதித் தலை சட்டென்று நின்றது. உள்ளே மூளை நிற்கவில்லை, குலுங்கியது. அந்தக் குலுக்கலில் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே போகிறது. அதைச் சரிசெய்ய மூளை ஏராளமான சக்தியைச் செலவிடுகிறது, அதே சமயம் ரத்த ஓட்டம் குறைந்து சக்தி கிடைப்பது தடைப்படுகிறது. வீட்டை வெளியே நின்று போட்டோ எடுத்தால் சுவர் இடிந்திருப்பது தெரியும், உள்ளே லோ வோல்டேஜில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவது தெரியுமா? சி.டி.யும் அப்படித்தான். நீங்கள் பார்த்த 'பளிச்' வெளிச்சம், இறங்குமிடம் தெரியாமல் போன இரண்டு நிமிடம், மதிய வாந்தி மூன்றும் மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள். மயக்கம் போட்டிருந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது பரவலான தவறான எண்ணம். பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை.

இனி எம்.ஆர்.ஐ. இப்போது பணத்தைக் கட்டி நீங்களாக எடுக்கவேண்டாம். ஒரு நரம்பியல் மருத்துவர் உங்களை நடக்கவிட்டு, கண்ணின் உட்புறத்தைக் கருவியால் பார்த்து, கை கால் பலத்தைச் சோதித்த பிறகு சந்தேகம் இருந்தால் அவரே எழுதுவார். எம்.ஆர்.ஐ.யும் நார்மலாகவே வரலாம். வந்தால், "பார்த்தியா, இதிலும் ஒண்ணும் இல்ல" என்று வீட்டில் இன்னொரு முறை கேட்க நேரும். அதற்கு இப்போதே தயாராக இருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்த அழுத்தம் இவற்றைப் பார்ப்பது செலவு குறைவு, பலன் அதிகம்.

நாலு மாதமாக ஏன் போகவில்லை?

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தலைவலி தானாகக் குறைந்துவிடும். அடிபட்ட ஏழு நாளுக்குள் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், நீடித்த தலைவலி என்று நாங்கள் தனியாகப் பிரிக்கிறோம். நீங்கள் அதில் வருகிறீர்கள். இந்தக் கட்டத்தில் எங்கள் கேள்வி, எவ்வளவு பலமாக அடிபட்டது என்பது அல்ல. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை எது சொரிந்துகொண்டே இருக்கிறது என்பதுதான். உங்கள் விஷயத்தில் நாலைந்து தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

முதலாவதும் பெரியதும், நீங்கள் உதவி என்று நம்பிப் போடும் அந்த மாத்திரை. பாரசிட்டமாலோடு இன்னொரு வலி மருந்தும் கலந்த மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கலவை மாத்திரையை மாதத்தில் 10 நாளுக்கு மேல், தனி வலி மாத்திரையை 15 நாளுக்கு மேல் என்று மூன்று மாதம் தாண்டிப் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். உங்கள் கணக்கு மாதம் 30 நாள், அதுவும் இரண்டு வேளை. காலையில் கண் விழிக்கும்போதே வலி இருப்பதும், மாத்திரை போட்டால் மூன்று நாலு மணி நேரம் விட்டு மறுபடி வருவதும் அதன் குணம். வயிறும் சிறுநீரகமும் படும் பாடு தனி.

இதை நிறுத்தவேண்டும். நிறுத்தும்போது முதலில் வலி கூடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள். அந்த நாட்களில்தான், "நிறுத்தியது தப்பு" என்று நினைத்துப் பலரும் மறுபடி கடைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஒரு மருத்துவர் துணையோடு, முடிந்தால் நாலு நாள் விடுமுறை சேர்ந்து வரும் சமயத்தில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் வலி மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டக்கூடாது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். மளிகைக் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறையில் தொங்கும் இல்லையா, அதில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண். மாதவிடாய் நாளுக்கு ஒரு புள்ளி. வேறு எதுவும் எழுதவேண்டாம். "தினமும் வலி" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் காலண்டரில்கூட 4 போட்ட நாளும் 8 போட்ட நாளும் கலந்திருக்கும். 4 போட்ட நாளில் என்ன நடந்தது என்பதிலிருந்துதான் நான் வைத்தியத்தை ஆரம்பிப்பேன்.

அடுத்தது ஒற்றைத் தலைவலி. உங்கள் அம்மாவுக்கு உண்டு என்கிறீர்கள். அந்தத் தன்மை உடலில் இருந்தால் அடி அதைக் கிளப்பிவிடும். விண்விண் என்று தெறிப்பதும் குமட்டலும் வெளிச்சம் கூசுவதும் அதுதான். வலி வராமலே தடுக்க அமிட்ரிப்டிலின், ப்ரோப்ரனலால், டோபிரமேட் போன்ற மருந்துகள் உண்டு. எது உங்களுக்கு என்று மருத்துவர் முடிவு செய்வார். வீசிங் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ப்ரோப்ரனலால் ஆகாது. இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் டோபிரமேட் ஆகாது. அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தால் வீட்டில் யாராவது போனில் தேடி, "இது மனநோய் மாத்திரையாச்சே" என்பார்கள். அந்த மருந்து அதற்கும் பயன்படும். தலைவலிக்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு, தூக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டே நாளில் விட்டுவிடாதீர்கள்.

பின்கழுத்தில் ஆரம்பிக்கும் வலி கழுத்திலிருந்தே வரலாம். தலை மோதும்போது கழுத்தும் வெட்டி இழுக்கப்படுகிறது. நல்ல பிசியோதெரபிஸ்ட் இதற்குப் போதும். ஆனால் யாரிடமும் கழுத்தைச் சொடுக்கு எடுக்க மட்டும் போகாதீர்கள். கழுத்தின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமியார் எண்ணெய் தேய்த்துவிடட்டும், கயிறும் கையில் இருக்கட்டும். அது அவர் அக்கறை காட்டும் வழி. கழுத்தை முறுக்க மட்டும் யாரையும் விடவேண்டாம்.

வலப்பக்கம் புரண்டால் அறை சுற்றுவது பெரும்பாலும் உள்காதில் இடம் மாறிய நுண்ணிய துகள்களால். கட்டிலில் உட்காரவைத்துத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைத்தால் அந்தத் துகள்கள் இருந்த இடத்துக்குப் போய்விடும். மாத்திரை தேவையில்லை, சில நிமிட வேலை. நாலு மாதம் இதோடு கஷ்டப்பட்டிருக்கிறீர்களே என்றுதான் எனக்கு வருத்தம். பலகைக்கும் நோட்டுக்கும் இடையே எழுத்து மங்குவது, இரண்டு கண்களும் சேர்ந்து அருகே குவியச் சிரமப்படுவதால் இருக்கலாம். கண் மருத்துவரிடம் கண்ணாடி பவர் மட்டும் பார்த்துவிட்டு வராமல், "கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து குவிகிறதா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். பயிற்சியில் தேறும்.

ஆசிரியைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. பள்ளிக் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். ஏழு மணிக்குக் கிளம்பும் அவசரத்தில் காபி மட்டும் குடித்துவிட்டு ஓடுவார்கள். சென்னை வெயிலில் இந்த இரண்டும் போதும், அடிபடாத தலைக்கும் வலி வர. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இருட்டறை வேண்டாம்

முன்பு நாங்களே சொன்னதுதான்: இருட்டில் படுத்து ஓய்வெடுங்கள், எதையும் செய்யாதீர்கள். அந்த ஆலோசனை இப்போது மாறிவிட்டது. முழு ஓய்வு முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான். அதற்குப் பிறகும் அசையாமல் படுத்திருந்தால் குணமாவது தள்ளிப்போகிறது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டு மருத்துவர்கள் கூடித் தயாரித்த வழிகாட்டுதலும் மிதமான நடையை ஆரம்பத்திலேயே தொடங்கச் சொல்கிறது. அது விளையாட்டு வீரர்களுக்காக எழுதியது என்றாலும் அதிலிருக்கும் அளவுகோல் எல்லாருக்கும் உதவும்: நடக்கும்போது வலி பத்துக்கு இரண்டு புள்ளி வரை கூடலாம், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். அதற்கு மேல் போனால் மறுநாள் நேரத்தைக் குறையுங்கள், நடையை விட்டுவிடாதீர்கள்.

காலை ஆறு மணிக்கு, வெயிலும் ஹாரன் சத்தமும் ஏறுவதற்கு முன், மொட்டை மாடியிலேயே 15 நிமிடம். மழையென்றால் வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடங்கள். நாலைந்து நாள் பழகியதும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வெளியே போகும்போது குளிர்கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இருட்டுக்கே பழகிய கண் வெளிச்சத்தை இன்னும் வெறுக்கும். ஜன்னலை ஒரேயடியாகத் திறக்கவும் வேண்டாம், இந்த வாரம் ஒரு கதவு மட்டும். ராத்திரி ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

கோபமும் அழுகையும்

மனநிலை சரியில்லாமல் போகிறதா என்று கேட்டீர்கள். நீங்கள் பயப்படும் அர்த்தத்தில் இல்லை. நம்மை அடக்கி வைக்கும் பகுதி மூளையின் முன்புறம் இருக்கிறது. அதன் அடிப்பக்கம் கரடுமுரடான எலும்பின் மேல் உட்கார்ந்திருப்பதால் தலை குலுங்கும்போது அது எளிதாக அடிபடும். பிரேக் தேய்ந்த வண்டி மாதிரி, கோபம் எப்போதும் வரும் அளவுக்கே வந்தாலும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதில்லை. அதன்மேல் நாலு மாத வலி, தூக்கமின்மை, யாரும் நம்பாத துயரம். அழுகை வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக இதைத் தானாகப் போகட்டும் என்று விடக்கூடாது. மூளை அதிர்ச்சிக்குப் பிறகு மனச்சோர்வு நோயும் பதற்றமும் வருவது தெரிந்த விஷயம், அதற்கும் சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபின், அவரையும் பார்த்துவிடுவது நல்லது என்றே நினைக்கிறேன். தலைவலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். ஒன்றை மட்டும் வைத்தியம் செய்தால் இரண்டும் திரும்பி வரும்.

உங்கள் மகன் விஷயம். அவன் அழவில்லை, பாட்டி பின்னால் போய் நின்றான் என்ற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு விஷயம் புரியும். வலி குறைவாக இருக்கும் ஒரு சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மா தலைல அடிபட்டுச்சு இல்ல, அது உள்ள இன்னும் ஆறல. அதனால சத்தம் தாங்க முடியல. ஆனா உன்ன அடிச்சது அம்மா தப்பு, உன் தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லித் தப்பிக்க மட்டும் வேண்டாம். அப்புறம் அவனோடு சேர்ந்து ஒரு அடையாளம் முடிவு செய்யுங்கள். நீங்கள் காதைத் தொட்டால், "அம்மாவுக்கு இப்போ சத்தம் வேண்டாம், பத்து நிமிஷம் பால்கனியில் இருக்கப் போறேன்" என்று அர்த்தம். வாய் திறந்து சொல்ல முடியாத நிமிடத்தில் கை சொல்லிவிடும். குழந்தைகள் இந்த மாதிரி ரகசியத்தை நன்றாகக் காப்பாற்றுவார்கள்.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். ஐயா, ஸ்கேன் நார்மல் என்று தெரிந்ததும் உங்களுக்கு நிம்மதி வந்திருக்கும், அது நியாயம். அந்த நிம்மதியை நீங்கள் சொன்ன விதம், உங்கள் மனைவிக்கு "நீ பொய் சொல்கிறாய்" என்று கேட்டிருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களும் போங்கள். மருத்துவர் சொல்வதை நேரில் கேட்ட கணவரின் பேச்சு மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை டி.வி. சத்தத்தைக் குறைத்து, பையனின் வீட்டுப்பாடத்தை நீங்கள் பார்த்துக்கொண்டால் அதுவே பாதி மருந்து.

வேலையை விடலாமா?

இப்போது முடிவெடுக்காதீர்கள். வலியும் சோர்வும் உச்சத்தில் இருக்கும்போது எழுதும் ராஜினாமாக் கடிதத்தை மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்க முடியாது. வேலையை விட்டு வீட்டிலேயே இருப்பவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பதும் என் அனுபவத்தில் இல்லை. வெறும் வீடும் இருட்டறையும் வலியை உற்றுக் கவனிக்கத்தான் நேரம் கொடுக்கும். அதேபோல், ஒன்றுமே நடக்காததுபோல் எட்டு பீரியடும் எடுப்பதும் வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. மருத்துவரிடம் ஆறு வாரத்துக்குச் சான்றிதழ் வாங்குங்கள். "ஓய்வு தேவை" என்று மொட்டையாக எழுதாமல், என்ன தேவை என்று எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு பீரியடுக்கு மேல் வேண்டாம், வெயிலில் நிற்கும் காலை அசெம்பிளியும் பஸ் டியூட்டியும் வேண்டாம், விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளியிலேயே திருத்த ஒரு பீரியடு. இதை எழுத்தில் பார்த்தால் தலைமை ஆசிரியருக்கும் முடிவு செய்வது சுலபம். மறுத்தால், விடுப்பு எத்தனை நாள் மீதி, சம்பளமில்லாத விடுப்புக்கு இடமுண்டா என்று உங்கள் நியமன ஆணையைப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர் மேல் இழப்பீடு கேட்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒன்று தெரியும்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும். உங்களுக்கு நாலு மாதம் ஓடிவிட்டது. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேளுங்கள். அன்று எடுத்த ஸ்கேன், சீட்டு, பில் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே சொல்வதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். தலைவலி மணிக்கு மணி கூடிக்கொண்டே போவது. அடங்காத வாந்தி. வலிப்பு. ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது. எழுப்பினாலும் எழாத தூக்கம், ஆள் தெரியாமல் பேசுவது. மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. மாமியார் வயதில் இருப்பவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் தலையில் லேசாக அடிபட்டால்கூடக் கவனம் வேண்டும். அவர்களுக்கு உள்ளே மெதுவாகக் கசிந்த ரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தொந்தரவு கொடுக்கும். உங்களுக்கு இது முழுதாக ஆறும்வரை இன்னொரு அடி படக்கூடாது. கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடுங்கள்.

பழைய ஆளாக ஆவேனா என்று கேட்டீர்கள். உங்களை மாதிரி வந்தவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். நாளைக்கே அல்ல. ஒரே சீராகவும் அல்ல. நல்ல வாரம் ஒன்று, மோசமான இரண்டு நாள், மறுபடி நல்ல வாரம் என்று வரும். சிலருக்குத் தூக்கம் கெட்டாலோ வெயிலில் அலைந்தாலோ தலை வலிக்கும் தன்மை கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு, அதோடு வகுப்பு எடுக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். மேலே சொன்ன காரணங்களில் ஒன்றுகூட இன்னும் சரிசெய்யப்படாத நிலையில், இனி இப்படித்தான் என்று நீங்கள் முடிவு கட்டுவது ரொம்பச் சீக்கிரம்.

இந்த வாரமே போங்கள். தனியார் மருத்துவமனை செலவு கட்டுப்படியாகாது என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, மனநலப் பிரிவும் அதே வளாகத்தில்தான். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடவேண்டும். வரிசையில் சத்தம் இருக்கும், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். கணவர் கூட வரட்டும். பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரையின் அட்டை, நான் சொன்ன காலண்டர் தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து வட்டம் போட ஆரம்பித்தால் போகிற நாளுக்குள் நாலைந்து நாள் கணக்காவது அதில் இருக்கும்.